கோடையில் கதவு திறக்கட்டும்

இளம் அறிவியல் (வேதியியல்) இரண்டாம் ஆண்டு மாணவி

கோடை விடுமுறை என்றதும் நம் நினைவுக்கு வருபவை நுங்கும் பதநீரும் கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவும்தாம். தேர்வு முடிந்த மறுநாளே விடுதி மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு கல்லூரி வளாகம் என்ன ஆகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வேப்பமர நிழல் காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் யாருக்கும் பயனின்றி விழுந்துகொண்டிருக்கிறது. அதே நாட்களில், அந்தச் சுற்றுச்சுவருக்கு வெளியே, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளை முடித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தெருவில் நிற்கிறார்கள்; அல்லது கூலி வேலைக்குப் போகிறார்கள்.

இந்த இரண்டையும் ஒன்று சேர்த்தால் என்ன? உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று ஆண்டுதோறும் கோடையில், நம்முடையது போன்ற அரசு கலைக் கல்லூரிகளின் வளாகத்தில், கட்டணமில்லாத கலைப் பயிற்சி முகாம் நடத்த வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதைப் பொறுமையுடன் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

பெயரில் உள்ள கலை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக்கு வந்த அன்று என் அப்பா பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கலைக் கல்லூரினு போட்டிருக்கே, இங்க என்ன கலைத்தா சொல்லிக் குடுப்பாக?" என்று கேட்டார். "வேதியியல் அப்பா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அன்று அதை எண்ணிச் சிரித்தேன். இன்று எண்ணிப் பார்க்கையில் அவருடைய கேள்வியில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

அப்பாவுக்கு ஆத்தங்குடிக் கல் போடும் வேலை. பள்ளிப் பருவத்தில் அவருக்குச் சோறு கொண்டு போகும்போதெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், படம் வரையப் பழக வேண்டுமென்று எனக்கு ஆசை வந்தது. பள்ளியில் ஓவிய வகுப்பு கால அட்டவணையில்தான் இருந்தது. அந்த நேரத்தில் வேறு பாடங்களே நடந்தன. ஊரில் ஓரிடத்தில் பத்து நாள் கோடை வகுப்பு நடப்பதாகச் சுவரொட்டியைப் பார்த்து அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். கட்டணம் அவருடைய ஒரு வாரக் கூலிக்கும் மேல். திரும்பி வரும் வழியில் அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "நாளைலேர்ந்து பட்டறைக்கு வா, கலர் ஊத்தப் பழகு" என்றார்.

அந்தக் கோடையில் நான் பழகியது கொஞ்சம் அன்று. என்றாலும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கோடை என்பது கூடுதல் படிப்பு, வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் இடைவெளி என்ற உண்மை அன்றே மனத்தில் தைத்தது. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் பத்து மாதம் இருவரையும் ஓரளவு சமமாக வைத்திருக்கிறது. மே மாதம் வந்ததும் அந்தச் சமம் போய்விடுகிறது.

இருப்பவை எவை? இல்லாதது எது?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் கூறவில்லை. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் முதலியவற்றைக் கற்பிக்கின்றன. கோடையில் பயிற்சி முகாம்களும் நடத்துகின்றன. நல்ல பணி. ஆனால் காரைக்குடியிலிருந்து மாவட்டத் தலைநகரான சிவகங்கை 40 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? மேலும் 16 வயதோடு அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. மேற்கொண்டு என்ன படிப்பது என்று ஒரு பிள்ளை முடிவெடுக்கும் வயதோ அதற்குப் பிறகுதான் வருகிறது. இப்படியொரு மன்றம் இருப்பதே எனக்குத் தெரிந்தபோது எனக்கு 17 வயது நிறைந்திருந்தது!

2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். எங்கள் தெருப் பிள்ளைகளே அதில் பரிசு வாங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் போட்டி வேறு, பயிற்சி வேறு. முன்பே ஓரளவு தெரிந்தவனைப் போட்டி அடையாளம் காட்டும். ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்லித் தராது. பயிர் வளர்க்காமல் களம் மட்டும் கட்டி என்ன பயன்?

ஆசிரியர்கள் விஷயத்தையும் பாருங்கள். 2012-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி முதலிய பாடங்களுக்காக 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. மே மாதத்துக்கு ஊதியம் இல்லையே என்பது அவர்கள் பல ஆண்டுகள் எழுப்பி வந்த குறை. ஓவியம் கற்பிக்கத் தெரிந்தவருக்கு மே மாதத்தில் வேலை இல்லை. ஓவியம் கற்க விரும்பும் பிள்ளைக்கு மே மாதத்தில் ஆசிரியர் இல்லை. இருவரும் கூடி அமரத்தக்க இடமோ மே மாதத்தில் பூட்டிக் கிடக்கிறது! இந்த மூன்றையும் இணைக்க ஒரு கை வேண்டும். அவ்வளவுதான்.

பிற நாட்டில் ஒரு முன்மாதிரி

இது புதிய கருத்தன்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இன்டர்லாக்கனில் 1928-லேயே ஜோசஃப் மேடி என்பவர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகக் கோடைகால இசை முகாம் தொடங்கினார். 1963-ல் வட கரோலினா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வின்ஸ்டன்-சேலம் நகரில் உள்ள சேலம் கல்லூரியின் வளாகத்தில், அம்மாநிலப் பள்ளி மாணவர்களைத் தங்கவைத்து ஒரு கோடைப் பள்ளி நடத்தியது. ஓவியம், இசை, நாடகம், நடனம் ஆகியவற்றோடு அறிவியல், கணிதப் பிரிவுகளும் அங்கே இருந்தன. மாணவர்களிடம் கட்டணம் இல்லை. தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அதைப் பார்த்து வேறு பல மாநிலங்களும் அத்தகைய பள்ளிகளைத் தொடங்கின. பின்னாளில் அரசின் நிதி குறைந்தபோது வட கரோலினாவில் மாணவர்களிடம் கட்டணம் கேட்கும் நிலை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே நாம் செய்வது சிறியதாக இருந்தாலும், நிதி குறைந்தால் நின்றுபோகாததாக இருக்க வேண்டும்.

அவர்கள் கல்லூரி வளாகத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருள் இருப்பதாக நான் கருதுகிறேன். பள்ளிப் பிள்ளை கல்லூரி நூலகத்தைக் காண்கிறது, ஆய்வுக்கூடத்தைக் காண்கிறது, தன்னைவிட நான்கு வயதே மூத்தவர்கள் அங்கே படிப்பதைக் காண்கிறது. "இது நமக்கும் உரிய இடம்" என்ற எண்ணம் அதன் மனத்தில் தானாகவே விழுகிறது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை வீட்டிலேயே ஊட்டிவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதை யார் ஊட்டுவது?

செட்டிநாட்டில் ஆசிரியருக்கா பஞ்சம்?

"கலை கற்பிக்க ஆளுக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். வேறு ஊரில் கேட்டால் பொருந்தும், காரைக்குடியில் கேட்கலாமா?

முதலில் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்வோம். சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் பூ வடிவ அச்சை நிறுத்தி, அறை அறையாக வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கி எடுத்ததும், மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு கலவை இட்டு மட்டம் செய்வார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போட்டு எடுத்தால், கண்ணாடி தானே கழன்று வந்துவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது; மெருகு எண்ணெய் எதுவும் தடவுவதில்லை. கை ஒரு நொடி நடுங்கினாலும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும்.

சிறுவயதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: காய வேண்டிய கல்லை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள்? கல்லூரிக்கு வந்த பிறகே விடை கிடைத்தது. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிவதால்தான் இறுகுகிறது. என் அப்பா முப்பது ஆண்டுகளாகக் கையால் செய்துவருவதைத்தான் நான் பாடப் புத்தகத்தில் படித்தேன்! அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு என்று நானும், அந்தக் குழம்பு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று அவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொன்னால், அது கலை வகுப்பா, அறிவியல் வகுப்பா? இரண்டும்தான்.

இது ஒன்று மட்டுமா? பனையோலையில் கொட்டான் முடையும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எத்தனை ஓலையை எடுத்து, எத்தனையை விட்டுப் பின்னினால் எந்தக் கட்டம் விழும் என்று அவர்கள் மனக்கணக்காகச் சொல்வதைக் கணிதத் துறை மாணவர்கள் ஒருமுறை கேட்க வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை காரைக்குடித் தறியில் நெய்யப்படுவது. பழைய வீடுகளின் நிலைகளில் மரவேலைப்பாடும், முகப்புகளில் சுதை உருவங்களும் இருக்கின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் கைகளும் இன்னும் இருக்கின்றன. வீணைக்குக் காரைக்குடிச் சகோதரர்கள் என்று சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இந்த ஊரின் பெயரையே பாணியாக்கிவிட்டுப் போனார்கள். நம் மாவட்டத்துக் கீழடியில் 2023-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தையும் செட்டிநாட்டு வீட்டின் பாணியில்தான் கட்டினார்கள்.

அறிவியல் மாணவர்களாகிய நாம் பெருமைப்படத்தக்க ஒரு பெயரும் உண்டு. பக்கத்துப் பிள்ளையார்பட்டியில் 1927-ல் பிறந்த வை. கணபதி ஸ்தபதி, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்றவர். மாமல்லபுரம் அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரிக்கு முதல்வராக விளங்கியவர். 2000-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட 133 அடி உயரக் குமரி வள்ளுவர் சிலை அவருடைய படைப்பு. கணக்கும் கல்லுளியும் ஒரு கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த மாமல்லபுரம் கல்லூரியையும், 1850-ல் தோன்றிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியையும், கும்பகோணத்திலுள்ள கவின்கலைக் கல்லூரியையும் நம் பகுதிப் பள்ளி மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அவை அரசுக் கல்லூரிகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். ஓவியக் கல்லூரியில் சேர வரைந்து காட்ட வேண்டும். வரையவே பழகாத பிள்ளை எதைக் காட்டும்? கோடை முகாமில் வரைந்த பத்துப் படங்களைக் கையில் வைத்திருந்தால், அந்த வாசலில் நிற்கும் துணிவாவது வரும் அல்லவா?

எழக்கூடிய தடைகள்

முதல் தடை, இடமும் காலமும். மே மாதத்தில் தேர்வும் விடைத்தாள் திருத்தும் பணியும் இருக்குமே என்பர். உண்மைதான். எல்லா அறைகளையும் நாம் கேட்கவில்லை. இரண்டு அறையும், மரத்தடியும், குடிநீரும் போதும்.

இரண்டாவது, பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பகல் உணவோடு முடித்துவிட்டால் பொழுது சாயும் முன் வீடு சேர்ந்துவிடுவார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகாமில் பேராசிரியை ஒருவர் இருந்தால் பெற்றோர் நம்பி அனுப்புவர்.

மூன்றாவது தடைதான் கடினமானது. "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? பிள்ளை இந்த மாதம் வேலைக்குப் போனால் ஜூனில் நோட்டுப் புத்தகம் வாங்கக் காசாவது ஆகும்" என்று கேட்கும் பெற்றோர். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வீட்டிலேயே கேட்ட கேள்வி இது. பத்து நாள் முகாம் ஒரு குடும்பத்தின் வறுமையைப் போக்கிவிடாது. ஆகையால்தான் முகாம் பகலோடு முடிய வேண்டும், பத்து நாளைத் தாண்டக் கூடாது, ஒரு வேளைச் சோறு போட வேண்டும் என்கிறேன். மீதி இருபது நாள் வேலைக்குப் போகிறவன் போகட்டும்.

ஆனால் அந்தப் பத்து நாள் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்னோடு படித்த தோழி ஒருத்தி. மார்கழியில் அவள் போடும் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஆள் வரும். பட்டறைக்கு என்னோடு வந்தால், அச்சே இல்லாமல் கல்லின் பூவைத் தரையில் கரியால் அப்படியே வரைந்து காட்டுவாள். பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனாள். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளைக் கல்லூரி பார்க்கக் கூட்டி வந்தேன். வாசல் வரை வந்தவள் நின்றுவிட்டாள். "உள்ள விடுவாகளா?" என்று கேட்டாள். விடுமுறை நாள், வாசலில் தடுக்க ஒருவருமில்லை. இருந்தும் அவள் உள்ளே வரவில்லை. "நீ போ, நான் இங்கனயே நிக்கிறேன்" என்றுவிட்டாள்.

முகாம் ஒன்று நடந்திருந்தால் அவள் மில்லுக்குப் போயிருக்க மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை போய்த்தான் இருப்பாள். ஆனால் அந்த வாசலில் அப்படி நின்றிருக்க மாட்டாள்.

என் கணக்கு

வெறும் பேச்சாக முடிக்காமல் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளிலிருந்து 40 பிள்ளைகள்; 10 நாள். ஒருவருக்கு ஒரு நாள் உணவு 60 ரூபாய் என்றால் 24,000. தாள், வண்ணம், ஓலை, சிமென்ட் முதலிய பொருள்கள் தலைக்கு 300 வீதம் 12,000. கைவினைஞர் ஐவர் ஆளுக்கு இரண்டு நாள் வந்தால், நாளொன்றுக்கு 1,000 ரூபாய் மதிப்பூதியம் வீதம் 10,000. பையன்கள் 20 பேருக்குப் பேருந்துக் கட்டணம் நாளொன்றுக்கு 40 ரூபாய் வீதம் 8,000. ஆக மொத்தம் 54,000 ரூபாய். முன்னாள் மாணவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டால் கிடைக்காத தொகையா இது? கைவினைஞர்க்கு மதிப்பூதியம் கட்டாயம் வேண்டும் என்பேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் சேவை செய்யச் சொல்வது அறமாகாது.

உழைப்புக்கு நாம் இருக்கிறோம். 1969-ல் காந்தியடிகள் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போகிறோம். கோயில் பிரகாரம் கூட்டுகிறோம், சீமைக் கருவேலம் வெட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அந்த உழைப்பில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளுக்குத் தரக் கூடாதா? 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது நம் வயதுப் பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக் காட்டினார்களே! திண்ணையில் முடிந்தது கல்லூரியில் முடியாதா?

இந்த மண் கொடுத்துப் பழகிய மண். 1947-ல் வள்ளல் அழகப்பர் இந்த ஊரில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். அன்று ஒருவர் 300 ஏக்கர் கொடுத்த ஊரில், இன்று நாம் கேட்பது இரண்டு அறை, பத்து நாள்.

சென்ற வாரம் இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிய இடத்தில் ஒரு திருத்தம் சொன்னார், சேர்த்துக்கொண்டேன். முகாம் நடந்தால் வந்து சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் கையில் ஒட்டியிருந்த வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "பெஞ்சு மேசையெல்லாம் வேணாந்தா. தரையில உக்காந்தாத்தான் கல்லு ஊத்த வரும். மரத்தடி போதும். கண்ணாடி மட்டும் நல்லதா வாங்கச் சொல்லு" என்றார்.

நண்பர்களே, ஓர் ஆசிரியர் ஆயத்தமாகிவிட்டார். வருகிற கோடையிலாவது கதவு திறக்கட்டும்!